தேனீ வளர்ப்பில் நேரும் இடையூறுகளும் நஷ்டங்களும்

(கோயமுத்தூர்ப் பகுதிக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



தேனீ வளர்ப்பைப் பற்றிய பிரசங்கமென்றால், தேனின் குணங்களைப் புகழ்ந்து, பெட்டியொன்றுக்கு இவ்வளவு லாபமென்று கணக்குக் காட்டி முடிப்பது வழக்கமாகிவிட்டது. அவ்விதப் புகழ்ச்சியைக் கேட்டுப் பெட்டி வாங்கிய குடியானவர்களுள் ஒரு சாராருடைய பெட்டிகள் பரண்மேல் தூசி படிந்து கிடக்கின்றன. சில பெட்டிகளில் விதை அவரை கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஈக்கள் ஓடிப்போயின என்பதற்கு மேல் அவர்களால் காரணம் சொல்லக்கூடவில்லை. ஆனால் சங்கத்தின் பேரேட்டில் கடன் மட்டும் ஓடிப்போகாமல் நிற்கிறது. ஆகையால் இன்றைய விஷயம் லாபமன்று. நஷ்டம் எவ்வழியாக வருகிறது என்பதே.

மரப்பொந்துகளிலும் பழஞ்சுவர்களிலும் கல் இடுக்குகளிலும் அடுக்கடுக்காக அடை கட்டி வாழும் அடுக்குத் தேனீயே இந்நாட்டில் பெட்டியில் வளர்ப்பதற்கு ஏற்றது. மலைத்தேனீயும் கொம்புத் தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுபவை. அவை பெட்டிக்குப் பணியா. திருச்சினாப்பள்ளிக் கல்லூரியிலிருந்த நியூட்டன் பாதிரியார், 1911 முதல் 1917 வரையில், அடுக்குத் தேனீயின் சிறிய குடும்பத்திற்கேற்ற சிறிய பெட்டியொன்றை அமைத்துக் கிராமவாசிகள் பலருக்குப் பயிற்சியளித்தார். ஏழு சட்டங்கள் கொண்ட அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1928ஆம் ஆண்டில் ராஜாங்க விவசாயக் கமிஷனார் இதைக் குடிசைத் தொழிலாக வளர்க்கலாமென்று சிபாரிசு செய்தனர். 1931 முதல் சென்னை மாகாணத்தில் சர்க்கார் இவ்வேலையை மேற்கொண்டனர். தெற்கே மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையம் இத்தொழிலைப் பரப்பியது. 1937ல் அங்கே தேனீ வளர்ப்போருக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. தோற்றம் இவ்வளவு பழமையானதாயினும், தொழில் நேரான பாதையில் ஏறிச் செல்லவில்லை. ஏறியும் வீழ்ந்தும், மீண்டும் ஏறியுமே வந்திருக்கிறது.

வீழ்ச்சிகளிலெல்லாம் பெரியது 1991, 1992ஆம் ஆண்டுகளில் நேர்ந்தது. தாய்லாந்தில் 1976ல் முதன்முதல் காணப்பட்ட ஒரு நச்சுயிரி நோய், 1978ல் மேகாலயத்தில் தலை காட்டி, பிறகு கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று நாடுகளிலும் புகுந்தது. தாய் பைப்புழு நோய் என்பது அதன் பெயர். தென்னாட்டில் பெட்டிகளிலிருந்த அடுக்குத் தேனீக் குடும்பங்களுள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை அழிந்தன. பெட்டியிலிருந்தவை மட்டுமல்ல, பொந்துகளில் வாழ்ந்தவையும் மடிந்தன. ஆகவே காட்டிலிருந்து புதுக் குடும்பம் பிடித்து வந்து பெட்டியை நிரப்பலாம் என்ற வழியும் அடைபட்டது. தேனையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வேறு கூலி தேடிப் போயின. தச்சர்கள் செய்து வைத்த பெட்டிகள் வாங்குவாரின்றிக் கிடந்தன.

இந்நோய் வளர்ந்த தேனீயைக் கண்ணுக்குத் தெரியும்படி தாக்குவதில்லை, புழுவையே கொல்லுகிறது. அறை மூடப்படும் தருணத்தில் புழு மல்லாந்து நீண்டு, தலை மேல்நோக்கியிருக்க, தோணி போன்ற வடிவத்தில் இறந்து கிடக்கும். ஊசி முனையால் தூக்கினால் நீர் நிறைந்த சிறு பைபோல் முழுமையாக வெளிவரும். முதலில் வெளிறிய மஞ்சளாக இருந்து பிறகு கறுக்கும். அழுகல் நாற்றம் இராது. அதனாலேயே புதியவர்கள் இதைக் கவனியாது விட்டுவிடுகின்றனர். புதிய வேலைக்காரத் தேனீக்கள் பிறவாமையால் குடும்பம் நாளுக்கு நாள் மெலிந்து, கடைசியில் எஞ்சியவை கூட்டை விட்டுப் பறந்துவிடும்.

இதற்கு மருந்து கிடையாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கடையில் விற்கும் கிருமிக்கொல்லி மாத்திரைகளைச் சர்க்கரைப் பாகில் கரைத்து வைப்போர் உண்டு. அம்மருந்துகள் நச்சுயிரியை ஒன்றும் செய்யா; தேனில் கலந்து தேனையும் கெடுக்கும். செய்யக்கூடியது இவ்வளவே: நோய் கண்ட பெட்டியின் அடைகளை வேறு பெட்டிக்கு மாற்றலாகாது, நோயுற்ற அடைகளைக் கொளுத்திவிட வேண்டும், இராணியைச் சில நாள் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடாதபடி நிறுத்தினால், புழுவில்லாத இடைக்காலத்தில் வேலைக்காரத் தேனீக்கள் அறைகளைச் சுத்தம் செய்துகொள்ளும், பிறகு நோய்க்குத் தப்பிய குடும்பத்தில் பிறந்த புது இராணியை வைக்கலாம். தென்னாட்டில் தொழில் மறுபடி தலையெடுத்ததும் இவ்வழியாகவே. நூற்றில் பத்துக்கும் குறைவாகப் பிழைத்த குடும்பங்களின் சந்ததியே பெருகிப் பெட்டிகளுக்கு வந்தது. நோய் அடியோடு ஒழியவில்லை. அவ்வப்போது அங்குமிங்கும் தோன்றுகிறது. ஆனால் முன்போல் ஒரேயடியாக வாரிக்கொண்டு போவதில்லை.

இங்கே கூட்டுறவுச் சங்கத்திற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வெள்ளாட்டுக்கு நோய் வந்தால் பட்டிக்குள் அடைத்து வைக்கலாம். தேனீயை அடைக்க முடியாது. ஒருவர் நோயுற்ற பெட்டியைக் கவனியாது விட்டால், பலங்குன்றிய அப்பெட்டியின் தேனைக் கொள்ளையிடப் பக்கத்துத் தோட்டத்துத் தேனீக்கள் வரும். நோயையும் கூடவே எடுத்துச் செல்லும். கிளுவை வேலி அதற்குத் தடையாகாது. நோய் கண்டவர் வெட்கப்பட்டு மறைப்பது வழக்கம். அயலார் தன் பெட்டியைக் கொளுத்தச் சொல்வார்களே என்ற பயமும் உண்டு. கொளுத்திய பெட்டிக்குச் சங்கம் ஒரு பகுதியேனும் ஈடு தருமென்று முன்கூட்டியே தீர்மானம் செய்துவிட்டால் மறைக்கும் பழக்கம் தானே குறையும். ஈடு கொடுக்கும் பணம் மிகையென்று கருதும் பஞ்சாயத்தார், 1992ல் வராக் கடனாய் நின்ற தொகைகளை நினைத்துப் பார்க்கலாம்.

நோய்க்கு அஞ்சிச் சிலர் இத்தாலியத் தேனீயை நாடினர். 1960களில் வடக்கே பஞ்சாபில் கொண்டுவந்து நிலைநாட்டப்பட்ட இந்த இனத்தைத் தாய் பைப்புழு நோய் தாக்குவதில்லை, தேனும் மிகுதி. அடுக்குத் தேனீப் பெட்டியில் ஆண்டுக்கு 6 முதல் 8 கிலோ வரை எதிர்பார்க்கலாமென்றால், இத்தாலியத் தேனீயில் 25 கிலோவுக்கு மேலும் எடுக்கலாம். ஆனால் அதன் பசியும் பெரியது. பூ உள்ள இடத்தைத் தேடி ஆண்டில் சில தடவை லாரியில் பெட்டிகளை ஏற்றிச் செல்ல வல்லவருக்கே அது ஆதாயம் தரும். உண்ணிகளின் உபத்திரவமும் அதற்கு அதிகம். அடுக்குத் தேனீ தன் உடலிலுள்ள உண்ணியைக் கடித்துத் தள்ளிக்கொள்ளும் திறமை பெற்றது. இத்தாலியத் தேனீக்கு அத்திறமை குறைவு. இரண்டு ஏக்கர் தோட்டமும் நான்கு பெட்டியும் வைத்து, மாட்டையும் பார்த்துக்கொண்டு வாழ்பவருக்கு அடுக்குத் தேனீயே தகும்.

இனி, பெருநோய் இல்லாத சாதாரண ஆண்டுகளிலும் பெட்டி காலியாவதேன் என்பதைப் பார்க்கலாம். பல பெட்டிகள் பட்டினியால் காலியாகின்றன என்று சொன்னால் மிகையென்று தோன்றும். ஆனால் அநுபவஸ்தர்கள் இதை மறுப்பதில்லை. கொங்கு நாட்டில் வேம்பும் புங்கமும் பூக்கும் பங்குனி, சித்திரையில் தேனீக்குக் குறைவில்லை. தென்னந்தோப்புள்ள பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தில் ஏறக்குறைய மாதமொரு பாளை வெடிப்பதால் ஆண்டு முழுவதும் மகரந்தம் கிடைக்கும். காங்கயம், தாராபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளிலோ நிலைமை வேறு. ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கினால், பூத்திருக்கும் சொற்பப் பூவும் உலர்ந்து உதிரும். தேனீயும் எதிர்க்காற்றில் பறக்க மாட்டாது. ஆடி, ஆவணியில் பெட்டிக்குள் சேமித்த தேன் இல்லையென்றால் குடும்பம் பட்டினிதான். அந்தத் தேனையோ உடையவர் வைகாசியிலேயே ஒரு துளி விடாமல் எடுத்து விற்றிருப்பார். ஓடிப்போன தேனீயைக் குறை கூறி என்ன பயன்?

புழு அறையிலுள்ள தேனைத் தொடவே கூடாது. மேலே வைத்த தேன் அறையில் மூடி முத்திரையிட்ட அடைகளையே எடுக்க வேண்டும். பஞ்ச மாதங்களில் சர்க்கரையும் நீரும் சம அளவாகக் கலந்து காய்ச்சி ஆறிய பாகை, மாலை நேரத்தில், பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். பகலில் வெளியே வைத்தால் அயல் தேனீக்கள் கூடிக் கொள்ளை தொடங்கும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையோ வைப்பது நல்லதல்ல. மனிதருக்கு நல்லதென்பதால் தேனீக்கும் நல்லதாகிவிடாது. சுத்தி செய்யாத சர்க்கரையிலுள்ள கசடு தேனீக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

குடும்பம் ஓடிப்போவதற்கு முன் அறிகுறி காட்டாமல் போவதில்லை. கால்களில் மகரந்த உருண்டையோடு உள்ளே வரும் தேனீக்கள் குறையும். இராணி முட்டையிடுவதை நிறுத்தும். அடையில் புழு இராது. வைத்திருந்த தேனும் வற்றும். வாரம் ஒரு முறை திறந்து பார்ப்பவருக்கு இவை தெரியாமலிரா. தினந்தோறும் திறந்து பார்ப்பதும் தவறே. ஆசை மிகுதியால் நாளுக்கு இரண்டு தடவை மூடியைத் தூக்குபவரின் பெட்டியிலிருந்தும் தேனீ போய்விடும். புதிதாகப் பிடித்த குடும்பமாயின், இராணி வெளியேற முடியாத தடுப்பை வாயிலில் வைத்து, அடை கட்டி முட்டையிடும் வரையில் காத்திருந்து நீக்க வேண்டும்.

பெட்டி வைக்கும் இடத்திலும் பலர் தவறுகின்றனர். மேற்குப் பார்த்து வைத்தால் ஆடிக் காற்று நேராக வாயிலில் மோதும். கிழக்குப் பார்த்து வைப்பதே இப்பகுதிக்கு ஏற்றது. கோடை வெயில் நேராகப் பட்டால் மெழுகு இளகி அடை அறுந்து விழும். மர நிழலும், மேல்மூடியில் நனைத்த சாக்கும், அருகில் தண்ணீரும் வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கும் மக்கள் நடக்கும் தடத்திற்கும் சமீபமாக வைக்கலாகாது. கட்டியிருக்கும் எருதைத் தேனீ கொட்டினால் அது தப்பி ஓட வழியில்லை. கொட்டின முள்ளை நகத்தால் வழித்து உடனே எடுத்துவிட வேண்டும். சாதாரண வீக்கத்திற்குப் பயப்பட வேண்டியதில்லை. எவருக்கேனும் மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சத்துருக்களுள் எறும்பைத் தடுப்பது மிக எளிது. தடுக்காமையால் வரும் கேடோ மிகப் பெரிது. பெட்டியின் தாங்குகால்களை நீருள்ள கிண்ணங்களில் நிறுத்தினால் போதும். நீர் வற்றியதைக் கவனியாத ஒரே இரவில் குடும்பம் அழிந்துபோவதுண்டு. குளவி, பல்லி, கரிச்சான் குருவி, பஞ்சுருட்டான் முதலியவை பலமுள்ள குடும்பத்தைக் குலைத்துவிட மாட்டா.

மெழுகுப் பூச்சியின் கதை வேறு. இது இரவில் வரும் சாம்பல் நிற அந்து. பெட்டியின் வெடிப்புகளில் முட்டையிடும். பொரித்த புழுக்கள் அடைக்குள் சுரங்கம் தோண்டி, நூல் பின்னி, அடை முழுவதையும் சிலந்திக்கூடு போலாக்கும். மெழுகுப் பூச்சியால் குடும்பம் கெட்டதென்பர். உண்மையில் குடும்பம் முன்பே மெலிந்துபோனதால்தான் பூச்சி புகுந்தது. தேனீக்கள் மூடி நிற்க முடியாத அடைகளை எடுத்துவிட வேண்டும்; அடித்தட்டில் விழுந்த மெழுகுத் தூளை வாரந்தோறும் துடைக்க வேண்டும். எடுத்து வைத்த அடைகளை இறுக்கமான பெட்டியிலிட்டுக் கந்தகப் புகை காட்டலாம். அப்புகை முட்டையைக் கொல்லாதாகையால் இரு வாரம் கழித்து மறுபடி காட்ட வேண்டும்.

இவையெல்லாம் தேனீ வளர்ப்பவர் கையிலுள்ள காரியங்கள். அவர் கையில் இல்லாத ஒன்று உண்டு, அதுதான் பூச்சிமருந்து. பருத்திக்கும் காய்கறிக்கும் காலை 9 மணிக்கு மருந்தடித்தால், பூவில் மேயும் தேனீக்கள் அங்கேயே விழும். தப்பி வந்தவை பெட்டி வாயிலில் குவியலாகச் செத்துக் கிடக்கும். மருந்து அடிப்பவரும் சங்க அங்கத்தினர், தேனீ வளர்ப்பவரும் சங்க அங்கத்தினர், மருந்தைக் கடனுக்குக் கொடுத்ததும் அதே சங்கம் என்ற விசித்திரம் பல ஊர்களில் இருக்கிறது. மருந்து வாங்க வருபவரிடம், பூத்த பயிருக்கு அடிக்க வேண்டாமென்றும், அடித்தே தீர வேண்டுமாயின் தேனீக்கள் கூடு சேர்ந்த மாலை வேளையில் அடிக்கும்படியும், முதல் நாளே பெட்டிக்காரருக்குச் சொல்லும்படியும் விற்பனையாளர் சொன்னால் செலவொன்றுமில்லை. சொல்லி அனுப்பினால் பெட்டிக்காரர் அன்றிரவே பெட்டியை அப்பால் கொண்டுபோய் வைக்கலாம். முடியாவிட்டால் வாயிலைக் கம்பி வலையால் மூடி, மேலே ஈரச் சாக்குப் போட்டுச் சில மணி நேரம் அடைத்து வைக்கலாம்.

மருந்தடிப்பு எப்போதும் பயிருக்கு நன்மையே என்பதும் தவறு. 2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் முதன்முதல் சுருள் வெள்ளை ஈ கண்டபோது, பயந்து கடும் மருந்துகளை அடித்தவர்கள் அந்த ஈயைத் தின்று அழிக்கும் சிறு குளவிகளையும் சேர்த்துக் கொன்றனர். மஞ்சள் ஒட்டுப்பொறியும் நீர் பீய்ச்சுவதுமே போதுமென்றும், மருந்தைத் தவிர்க்க வேண்டுமென்றும் விவசாய நிபுணர்கள் எச்சரித்தனர். தேனீயின் நன்மை தேன் மட்டுமல்ல. சூரியகாந்தியில் மணி பிடிப்பதற்கும் தென்னையில் குரும்பை தங்குவதற்கும் தேனீ உதவுகிறது. மருந்தடிப்பவரின் மகசூலும் பெட்டிக்காரரின் ஈயை ஓரளவு நம்பியே இருக்கிறது.

தேன் கிடைத்த பின்னும் ஒரு நஷ்டம் காத்திருக்கிறது. அவசரப்பட்டு, மூடி முத்திரையிடாத அடையிலிருந்து எடுத்த தேனில் நீர் அதிகம். அது டின்னில் பொங்கிப் புளிக்கும். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீருள்ள தேன் சர்க்கார் விதித்த தரத்தில் சேராது. இந்நாட்டு அடுக்குத் தேனீயின் தேன் இயல்பாகவே சற்று நீர்த்திருப்பதால் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மேலும், 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்கும் பல தேன்களில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதைப் பரீட்சை மூலம் வெளிப்படுத்தியது. கலப்படப் பாகு மலிவாக விற்கும்போது நல்ல தேனுக்குரிய விலை கிடைப்பதில்லை. தனி ஆள் இதை எதிர்க்க முடியாது. அங்கத்தினர்கள் தேனைச் சங்கத்தில் சேர்த்து, நீரளவு காட்டும் கருவியில் பார்த்துத் தரம் பிரித்து, சங்கத்தின் பெயரில் விற்றால் வாங்குவோருக்கு நம்பிக்கை பிறக்கும். ஊருக்கு ஒரு தேன் எடுக்கும் யந்திரம் போதும். நான்கு பெட்டிக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. ஆனால் நோய் கண்ட பெட்டியின் அடையைப் பொது யந்திரத்தில் இடலாகாது. ஒவ்வொருவர் உபயோகித்த பின்னும் வெந்நீரில் கழுவ வேண்டும்.

கடைசியாகக் கடன் விஷயம். மனுச் செய்த உடனே பத்துப் பெட்டிக்குக் கடன் கொடுப்பது அங்கத்தினருக்கு உதவியாகாது. முதல் ஆண்டு இரண்டு பெட்டி. அவை ஒரு பஞ்ச காலத்தைத் தாண்டி நின்றால், அவற்றைப் பிரித்தே மூன்றாவது, நான்காவது பெட்டியை நிரப்பலாம். குடும்பம் விலைக்கு வாங்க வேண்டியதுமில்லை. வாங்குவதாயினும் தூர ஜில்லாவிலிருந்து வாங்காமல், பக்கத்து ஊரில் நோயற்றதென்று இருவர் பார்த்துச் சொன்ன குடும்பத்தையே வாங்க வேண்டும். முதல் தவணையைப் பெட்டி வைத்த ஆறாம் மாதத்தில் கேட்பதும் தவறு. அந்தப் பயமே அங்கத்தினரைப் புழு அறைத் தேனையும் பிழியத் தூண்டுகிறது. இரண்டாவது பூக்காலம் முடிந்த பின் தவணை கேட்பதே நியாயம். கடன் கொடுக்கும் மாதத்தையும் கவனிக்க வேண்டும். மார்கழியிலோ தையிலோ வைத்த குடும்பம் பங்குனிப் பூவுக்குள் பெருகி நிற்கும். ஆடியில் வைத்த குடும்பம் பட்டினியோடு தொடங்கும். ஆடியில் மனுச் செய்தவரை மார்கழி வரையில் காத்திருக்கச் சொல்வதும், அதுவரையில் முன்னமே பெட்டி வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவரின் தோட்டத்துக்கு வாரம் ஒரு முறை அனுப்பி, சட்டம் தூக்கவும் புகை காட்டவும் இராணியை அடையாளம் காணவும் பழகச் செய்வதும் சங்கத்துக் காரியதரிசியால் ஆகக்கூடியவையே.